ஊர்ச் சலூனில் முடிவெட்ட மறுக்கிறார்கள், ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுக்கிறார்கள்: சட்டப்படி என்ன செய்யலாம்?

வைப்பாறு:

வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கொஞ்சம் அவசரம். எங்களுடையது தென்மாவட்டத்தில் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். ஊருக்குள் இரண்டு சலூன் இருக்கிறது, இரண்டிலும் எங்கள் தெருக்காரர்களுக்கு முடிவெட்ட மாட்டார்கள். காலங்காலமாக இப்படித்தான், நாங்களும் பக்கத்து டவுனுக்குப் பஸ் ஏறிப்போய் வெட்டிக்கொண்டு வருவோம். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சித்தப்பா மகன், கல்லூரியில் படிக்கிறவன், நேராக உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கடைக்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, உனக்கு வெட்டினா நாளைலருந்து எனக்கு ஒருத்தனும் வரமாட்டான், எந்திரிச்சுப் போயிருப்பா" என்று கெஞ்சுகிற மாதிரி சொல்லியிருக்கிறார். திட்டவில்லை, அடிக்கவில்லை. இவன் எழுந்திருக்கவில்லை. வெளியே பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் உள்ளே வந்து, சட்டையைப் பிடித்து இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இவன் நண்பன் அதைப் போனில் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறான்.

ஸ்டேஷனுக்குப் போனால் எஸ்.ஐ. கேட்டது ஒரே கேள்விதான்: "சாதிப் பேரைச் சொல்லித் திட்டினானா?" இல்லை என்றோம். "அப்புறம் என்ன பி.சி.ஆர். கேஸு? நாளைக்கு ரெண்டு தரப்பும் வாங்க, பேசி முடிச்சுக்கலாம்" என்கிறார். (பி.சி.ஆர். என்று ஸ்டேஷனில் சொல்வது சாதிக் கொடுமை வழக்கை.) புகாரைக் கையில்கூட வாங்கவில்லை. திட்டாமல் மறுத்தால் அது குற்றம் இல்லையா?

கருப்புக்கோட்டு:

குற்றம்தான் தம்பி. திட்டினால்தான் வழக்கு என்பது ஸ்டேஷன் வாசலில் உருவான வழக்கம், சட்டத்தில் அப்படி இல்லை. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது ஒரு தனிக் குற்றம், அதற்குத்தான் பொதுமக்கள் பார்வையில் நடந்ததா, நாலு சுவருக்குள் நடந்ததா என்ற வாதமெல்லாம் வரும். கடைக்குள் நுழையவிடாமல் தடுப்பது வேறு குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் வந்தது. 2015-ல் அதைத் திருத்தினார்கள், அந்தத் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கிறது. அதில் சேர்ந்ததுதான் 3(1)(இசட்ஏ). பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பொதுக் குழாய், கிணறு, சுடுகாடு, பாதை, கோயில், பள்ளி, மருத்துவமனை, கடை, பொழுதுபோக்கு இடம் எதிலும் தடுக்கக் கூடாது, பொதுப் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமலும் தடுக்கக் கூடாது. தண்டனை 6 மாதம் முதல் 5 வருடம் வரை. திட்ட வேண்டிய அவசியமே இல்லை, தடுத்தாலே போதும்.

இன்னொன்று பழைய சட்டம். 1955-ல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமாக வந்து, 1976-ல் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டமாக மாறியது. அதில் 'கடை' என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில் சலவைக்கடையும் முடிதிருத்தும் சலூனும் பெயர் சொல்லியே இருக்கின்றன. தள்ளுவண்டிகூட இருக்கிறது. 4-ஆம் பிரிவு கடைக்குள் விடாததற்கு, 6-ஆம் பிரிவு சேவை மறுப்பதற்கு. தண்டனை 1 மாதம் முதல் 6 மாதம், அபராதம் 100 முதல் 500 ரூபாய். தொகை சிறியதுதான், ஆனால் இந்தச் சட்டத்தை விட்டுவிடாதீர்கள், காரணம் 12-ஆம் பிரிவு. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவருக்கு இப்படி நடந்தால், அது தீண்டாமையால் நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த் தரப்பின் வேலை. புகாரில் இரண்டு சட்டத்தையும் எழுதுங்கள்.

பேசி முடிக்கிற கூட்டத்துக்குப் போகாதீர்கள். இன்று இரவே தம்பியை உட்காரவைத்து, அவன் வாயால் சொல்லச் சொல்லி எழுதுங்கள். தேதி, நேரம், யார் எங்கே நின்றார்கள், யார் கை வைத்தார்கள், என்ன வார்த்தை சொன்னார்கள், பார்த்தவர்கள் யார். "சாதியின் காரணமாக" என்று பொதுவாக எழுதிவிட்டு விடாதீர்கள், கடைக்காரர் சொன்ன வாக்கியத்தை அவர் சொன்னபடியே எழுதுங்கள். "உனக்கு வெட்டினா ஒருத்தனும் வரமாட்டான்" என்ற அந்த ஒரு வரிதான் உங்கள் வழக்கில் பாதி.

வீடியோ எடுத்த போனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறைந்துவிடும், மூலக் கோப்பு அந்தப் போனிலேயே இருக்கட்டும். நீதிமன்றத்தில் அதைக் காட்டும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்று தர வேண்டியிருக்கும், அதில் எடுத்த பையனும் கையெழுத்துப் போட வேண்டும், நிபுணர் ஒருவரும் போட வேண்டும்.

வைப்பாறு:

ரொம்ப நன்றி சார். ஒரு சந்தேகம். முதலில் ஏதோ பூர்வாங்க விசாரணை செய்வோம், 14 நாள் ஆகும், புதுச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று ஏட்டு ஒருவர் சொன்னார். அது சரியா? அப்புறம், கடைக்காரர் "கடையை மூடுகிற நேரம், அதனால்தான் வெட்டவில்லை" என்று சொல்லிவிட்டால்? அவன் என்ன சாதி என்றே தெரியாது என்றால்?

கருப்புக்கோட்டு:

ஏட்டு சொன்னது பாதி சரி. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(3), 3 ஆண்டிலிருந்து 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் பூர்வாங்க விசாரணை செய்யலாம் என்கிறது. ஆனால் வன்கொடுமைச் சட்டத்தின் 18ஏ, வழக்குப் பதியப் பூர்வாங்க விசாரணையே தேவையில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. அந்தச் சட்டம் மற்றச் சட்டங்களுக்கு மேலாக நிற்கும் என்று அதன் 20-ஆம் பிரிவே சொல்கிறது. இந்த இரண்டு எண்களையும் புகாரின் கடைசிப் பத்தியில் எழுதிவிடுங்கள், பேச்சு அத்தோடு குறையும்.

சாதி தெரியாது என்ற வாதத்துக்கும் 2015 திருத்தத்திலேயே பதில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ எதிரிக்கு நேரில் தெரியும் என்றால், அவருக்குச் சாதி தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும், இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். ஒரே ஊரில் இருந்துகொண்டு தெரியாது என்று சொல்வது எடுபடாது. கடை மூடும் நேரம் என்றால், அதற்குப் பிறகு யாருக்காவது வெட்டினாரா என்று விசாரியுங்கள். ஞாயிறு காலையில் எந்தச் சலூன் மூடும்?

நாளைக் காலை மறுபடி ஸ்டேஷனுக்குப் போங்கள். வாங்கவில்லை என்றால் சண்டை போடாதீர்கள், அதே புகாரைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள், ஒப்புகை அட்டையோடு. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) அதற்குத்தான். அங்கேயும் நகரவில்லை என்றால் நீதிமன்றம் போகலாம், வன்கொடுமை வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றமே நேரடியாக வழக்கை எடுத்துக்கொள்ள 14-ஆம் பிரிவில் அதிகாரம் இருக்கிறது. புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது எஃப்.ஐ.ஆர். ஆகாது.

பழைய_தாலுகா:

நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போலீஸ் பக்கத்தை வக்கீல் சார் சொல்லிவிட்டார், நான் ஆட்சியர் அலுவலகப் பக்கத்தைச் சொல்கிறேன்.

முதலில் சாதிச் சான்றிதழ். எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு அதைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், இன்றே நகல் எடுத்து வையுங்கள். மாணவன் என்பதால் கட்டாயம் இருக்கும். குடும்பம் கிறித்தவத்துக்கு மாறியிருந்தால் வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது, வழக்குப் பாதியிலேயே விழுந்துவிடும், அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போதும் பழைய சட்டத்தின் 4-ஆம் பிரிவு கைகொடுக்கும், ஏனென்றால் அது 'எந்த நபரையும்' என்றுதான் சொல்கிறது.

வழக்குப் பதிந்ததும் விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவராக இருக்க வேண்டும், இது வன்கொடுமைச் சட்டத்துக்கான விதிகளில் 7-ஆவது. எஸ்.ஐ. வந்து வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போனால் பிற்பாடு எதிர்த் தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். நிவாரணத் தொகை என்று ஒன்று உண்டு, பலர் கேட்பதே இல்லை. 2016-ல் திருத்திய மத்திய விதிகளின்படி குற்றத்தைப் பொறுத்து 85,000 ரூபாயிலிருந்து எட்டேகால் லட்சம் வரை. கடைக்குள் விடாத வகைக்கு ஒரு லட்சம். தவணை தவணையாக வரும், ஒரு பகுதி தீர்ப்பு வந்த பிறகுதான். இது தண்டனையோடு சேர்ந்த அபராதம் இல்லை, அரசு கொடுப்பது, எதிரி கையிலிருந்து வருவதில்லை. இதை ஊரில் எல்லோருக்கும் புரியும்படி சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் "காசுக்காக கேஸ் போட்டான்" என்று கிளப்பிவிடுவார்கள்.

சமாதானக் கூட்டம் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மேஜையில் ஒரு வெள்ளைத்தாள் இருக்கும். "இனி இருதரப்பும் பொது அமைதிக்குப் பங்கம் வராமல் நடந்துகொள்வோம்" என்று எழுதியிருக்கும், அதில் கையெழுத்து வாங்குவார்கள். படித்துப் பார்த்தால் தப்பாக ஒன்றும் இருக்காது. ஆனால் உரிமை கேட்டவனையும் மறுத்தவனையும் 'இருதரப்பு' என்று ஒரே தட்டில் வைத்த கணமே விஷயம் தீண்டாமை என்பதிலிருந்து தகராறு என்பதற்கு மாறிவிடும். பிறகு அந்தத் தாளே கோப்பில் முதல் பக்கமாக உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றாம்_வரிசை:

எல்லாம் சரி, ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. அந்தச் சலூன்காரரும் ஏழைதானே. அவரே கெஞ்சுகிற மாதிரிதான் சொல்லியிருக்கிறார். பெரிய சாதிக்காரர்கள் ஊரில் கட்டுப்பாடு போட்டிருப்பார்கள், அவர் மீறினால் கடையைக் காலி செய்ய வேண்டியதுதான். அவர் மேல் 5 வருடத் தண்டனைக்குரிய வழக்குப் போடுவது நியாயமா? கட்டுப்பாடு போட்டவர்கள் வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள்.

நிலாமுற்றம்:

இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். நான் முடிதிருத்தும் குடும்பத்தில் பிறந்தவள். என் தாத்தாவுக்குக் கூலி கிடையாது, அறுவடை முடிந்ததும் களத்தில் போய் நின்றால் நெல் அளப்பார்கள், அதுவும் நின்று வாங்க வேண்டும், உட்காரக் கூடாது. அப்பா கடை போட்டபோது கடை வாடகை, கரண்ட், கண்ணாடி எல்லாம் அவர் செலவு. ஆனால் அந்த நாற்காலியில் யார் உட்காரலாம் என்பதை அவர் முடிவு செய்ததில்லை. கடையின் சொந்தக்காரர் ஊர்ப் பெரியவர் ஒருவர், அவர் ஒரு நாள் வந்து டீ குடித்துக்கொண்டே, "அந்தத் தெருக்காரங்க வந்தா கடை சாவியக் குடுத்துட்டுப் போயிரு" என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதி எதுவும் ஒட்டவில்லை. எங்கள் அப்பா சாகும்வரை அந்தத் தெருக்காரர்கள் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார், குனிந்துகொண்டே போவார்.

அதற்காக அப்பா செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். மறுத்தது அவர் கைதான். ஆனால் புகாரில் கத்தரி பிடித்தவர் பெயர் மட்டும் இருந்தால், இந்தச் சட்டம் எங்களையும் அவர்களையும் மோதவிட்டு மேலே இருக்கிறவனைக் காப்பாற்றிவிடும். வைப்பாறு தம்பி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு பேர் யார்? கடை யாருடைய இடத்தில் இருக்கிறது? அந்தப் பெயர்களை எழுதாமல் புகார் கொடுக்காதீர்கள்.

கருப்புக்கோட்டு:

நிலாமுற்றம் அக்கா சொன்னதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, நாங்கள் வக்கீல்களே அதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்பதுதான் வருத்தம். குடிமை உரிமைச் சட்டத்தின் 7(1)(சி), தீண்டாமையைக் கடைப்பிடிக்கச் சொல்லித் தூண்டுவதே குற்றம் என்கிறது. 7(1)(பி), உரிமையைப் பயன்படுத்துகிறவரைத் தொல்லை செய்வதும் தடுப்பதும் குற்றம் என்கிறது, சட்டையைப் பிடித்து இழுத்த இரண்டு பேர் நேராக அதில் வருகிறார்கள். 10-ஆம் பிரிவு உடந்தைக்கு. வன்கொடுமைச் சட்டத்தில் 3(1)(இசட்சி) சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பை மிரட்டுவதற்கே தண்டனை கொடுக்கிறது, ஆனால் அது பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு எதிரான புறக்கணிப்புக்கு மட்டும். முடிவெட்டினால் சலூன்காரரைப் புறக்கணிப்போம் என்கிற மிரட்டல் அதற்குள் வராது. அங்கேதான் 7(1)(சி) உதவும்.

நான் இருந்தால் புகாரில் நடந்ததை நடந்தபடி எழுதுவேன். கடைக்காரர் மறுத்தார், மறுக்கும்போது ஊரார் பயத்தைச் சொன்னார், இன்னார் இன்னார் வந்து இழுத்தார்கள், இன்னார் இந்தக் கட்டுப்பாட்டை வைத்திருக்கிறார்கள். கடைக்காரரை எதிரியாக்குவதா சாட்சியாக்குவதா என்பது விசாரணையில் வரட்டும். அவர் உண்மையைச் சொல்லத் தயார் என்றால் மாஜிஸ்திரேட் முன்னால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183-ஆம் பிரிவில் வாக்குமூலம் கொடுக்கலாம். வன்கொடுமைச் சட்டத்தின் 15ஏ பாதுகாப்பு சாட்சிகளுக்கும் உண்டு, பாதிக்கப்பட்டவருக்கு மட்டும் இல்லை. இருக்கிற வழிகளில் ஊர்க் கட்டுப்பாட்டை உடைக்கக்கூடியது இது ஒன்றுதான் என்பது என் கருத்து. கடைக்காரர் மட்டும் தண்டனை பெற்றால் அடுத்து வருகிற கடைக்காரரும் அதையேதான் செய்வார்.

ஊர்க்குருவி:

ஒரு விஷயம் சொன்னால் கோபப்படக் கூடாது. எங்கள் பக்கத்தில் இந்தச் சட்டத்தை வைத்து வாய்க்கால் தகராறு, கடன் தகராறுக்கெல்லாம் கேஸ் போடுகிறார்கள். முன்ஜாமீனும் கிடையாது. சுப்ரீம் கோர்ட்டே இதைச் சொல்லியிருக்கிறதே?

கருப்புக்கோட்டு:

சொன்னது 2018 மார்ச் 20-ல். கைதுக்கு முன்அனுமதி வேண்டும், பூர்வாங்க விசாரணை வேண்டும் என்று இரண்டு நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். அதே வருடம் ஏப்ரல் 2-ல் நாடு முழுக்க பந்த், ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ-வைச் சேர்த்தது, 2019 அக்டோபரில் மறுஆய்வில் அந்த உத்தரவுகளை நீதிமன்றமே திரும்பப் பெற்றது, 2020 பிப்ரவரியில் 18ஏ செல்லும் என்றது. புகாரைப் படித்தாலே குற்றம் தெரியவில்லை என்றால் முன்ஜாமீன் தரலாம் என்பதையும் அதே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஆக, பொய்ப் புகாருக்கு வழி இருக்கிறது. ஒன்றை யோசித்துப் பாருங்கள், இந்த இழையில் ஒருவர் வீடியோவோடு நிற்கிறார், அவரிடமிருந்து காகிதத்தை வாங்கவே ஆள் இல்லை. பொய் வழக்கைப் பற்றிப் பேசுகிற அளவுக்குப் பதியப்படாத உண்மை வழக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வைப்பாறு:

நடந்ததைச் சொல்கிறேன். எஸ்.பி. அலுவலகத்தில் நேரில் மனு கொடுத்தோம், தபாலிலும் அனுப்பினோம். வன்கொடுமைப் புகார்களுக்கான 14566 உதவி எண்ணிலும் பதிவு செய்தோம், பழைய_தாலுகா சார் தனிமடலில் சொன்னார். எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள், இரண்டு சட்டமும் இருக்கிறது, நகலும் கொடுத்தார்கள். பெஞ்சுக்காரர்கள் இரண்டு பேரும், கடை இடத்துச் சொந்தக்காரரும் எதிரிகள் வரிசையில் வந்துவிட்டார்கள். ஆனால் மறுநாளே அவர்கள் ஒரு எதிர்ப் புகார் கொடுத்திருக்கிறார்கள். தம்பி குடித்துவிட்டுக் கடைக்குள் புகுந்து கண்ணாடியை உடைத்தானாம். படிக்கிற பையன், வீட்டில் அம்மா அழுகிறார். கேஸை வாபஸ் வாங்கினால் அவர்களும் வாங்குவார்களாம்.

பழைய_தாலுகா:

இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வாபஸ் பேச்சுக்காகவே கொடுப்பது. வீடியோவில் கண்ணாடி தெரிகிறதா பாருங்கள், வாசலிலிருந்து எடுத்ததென்றால் பெரும்பாலும் தெரியும். முழுசாக இருக்கிற கண்ணாடி ஒரு காட்சியில் இருந்தாலும் அந்தப் புகார் நிற்காது. எதிரே மளிகைக்கடையில் சிசிடிவி இருந்தால் அதைக் கைப்பற்றச் சொல்லி டி.எஸ்.பி.க்கு எழுத்தில் மனு கொடுங்கள், பல கடைகளில் சில நாளில் தானாக அழிந்துவிடும். அம்மாவிடம் சொல்லுங்கள், 15ஏ-யில் பயணச் செலவு, பாதுகாப்பு, தேவைப்பட்டால் வேறு இடத்தில் குடியமர்த்துவது வரை இருக்கிறது. வக்கீல் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம், பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும்.

குற்றப்பத்திரிகைக்குச் சட்டம் கொடுத்திருக்கும் காலம் 60 நாள். தாண்டினால் மாவட்ட விழிப்புணர்வு, கண்காணிப்புக் குழுவுக்கு எழுதுங்கள், ஆட்சியர்தான் தலைவர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையத்துக்கும் ஒரு நகல்.

மினாரா:

இழையைத் திசைதிருப்புகிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் முஸ்லிம். வேலை விஷயமாக ஒரு ஊருக்குப் போனபோது இணையத்தில் பணம் கட்டி அறை பதிவு செய்திருந்தேன். லாட்ஜ் கவுன்ட்டரில் ஆதாரை வாங்கிப் பெயரைப் பார்த்ததும், "ரூம் ஏசி ரிப்பேர், வேற எடம் பாருங்க" என்றார்கள். நான் வாசலில் நின்று வேறு அறை தேடிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவருக்கு அதே மாடியில் சாவி கொடுத்தார்கள். மேலே சொன்ன சட்டங்களில் எனக்கு ஏதாவது இருக்கிறதா?

கருப்புக்கோட்டு:

உங்களுக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். அரசமைப்பின் 15(2), மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் எதை வைத்தும் கடை, ஹோட்டல், பொழுதுபோக்கு இடங்களில் எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாது என்கிறது. அரசாங்கத்துக்கு மட்டும் இல்லை, தனியாருக்கும் பொருந்தும். 2011-ல் இந்திய மருத்துவச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை விரிவாகவே சொல்லி, தனியார் கல்லூரிகள்கூட அதில் வரும் என்றது. ஆனால் சாதித் தீண்டாமைக்கு இருக்கிற மாதிரி, மதத்தைக் காட்டி அறை மறுத்ததற்கு இத்தனை மாதம் தண்டனை என்று சொல்கிற தனிச் சட்டம் கிடையாது. உரிமை இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் எந்தப் பிரிவில் பதிவது என்று தெரியாமல் அனுப்பிவிடுவார்கள்.

உங்கள் விஷயத்தில் பணம் கட்டியிருக்கிறீர்கள், அதுதான் பிடி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்று போடுங்கள். சேவையின் மதிப்பு ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம், நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பதிவு செய்த உறுதிச் செய்தி, பணம் திரும்ப வந்த செய்தி, அன்று அதே நேரத்தில் அந்த லாட்ஜ் இணையத்தில் அறை காலி என்று காட்டியதா என்பதற்கான திரைப்பதிவு எல்லாவற்றையும் வைத்திருங்கள். கூடவே லாட்ஜுக்கு உரிமம் கொடுத்த அதிகாரிக்கு 15(2)-ஐக் குறிப்பிட்டு மனு. அவர் ஒன்றும் செய்யவில்லை என்றால் அந்த அலட்சியத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் போக வழி கிடைக்கும்.

நிலாமுற்றம்:

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பொதுச் சாலை, கிணறு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924-ல். எம்.சி. ராஜா கொண்டுவந்த சமூக இடையூறுகள் நீக்கச் சட்டம் 1938. இந்த மண்ணில் இந்தப் பேச்சு தொடங்கி நூறு வருடம் ஆகிவிட்டது. 2014-ல் உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி கட்டி வந்தார் என்று சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றத்துக்குள் விடவில்லை. ஜூலையில் நடந்தது, ஆகஸ்டில் சட்டம் வந்துவிட்டது, மீறினால் உரிமம் ரத்து, சிறைத் தண்டனையும் உண்டு. வேட்டிக்கு வந்தது நல்லதுதான், நான் வரவேற்கிறேன். அதே வேகத்தில் மதத்துக்கும் உடலுக்கும் பாலினத்துக்கும் சேர்த்து ஒரு மாநிலச் சட்டம் ஏன் வரக் கூடாது? பாகுபாடு எதிர்ப்பு, சமத்துவ மசோதா 2016 என்று சசி தரூர் நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார், அது அப்படியே நின்றுவிட்டது.

சக்கரம்:

உடலுக்கு என்று சொன்னதால் வருகிறேன். நான் சக்கர நாற்காலியில் போகிறவன். என்னை யாரும் "போ" என்று சொல்வதில்லை. ஐந்து படி இருக்கும், அவ்வளவுதான். ஒரு திரையரங்கில் கேட்டதற்கு, "நாலு பசங்கள வரச்சொல்றேன் சார், தூக்கிட்டுப் போயிருவாங்க" என்றார் மேலாளர், ரொம்ப அன்பாகத்தான் சொன்னார். இரண்டரை மணி நேரப் படத்துக்கு என்னை மூட்டை மாதிரி நாலு பேர் தூக்க வேண்டும், இடையில் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் மறுபடி அவர்களைத் தேட வேண்டும். கருப்புக்கோட்டு சார், இதை மறுப்பு என்று சட்டம் எடுத்துக்கொள்ளுமா?

கருப்புக்கோட்டு:

எடுத்துக்கொள்ளும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல், நியாயமான வசதி செய்து தராததே பாகுபாடு என்ற விளக்கத்துக்குள் வந்துவிட்டது. தனியார் கட்டடமாக இருந்தாலும் மக்கள் வந்து போகிற இடம் என்றால் அது பொதுக் கட்டடம்தான். சேவை தருகிறவர்கள் இரண்டு வருடத்துக்குள், பழைய கட்டடங்கள் ஐந்து வருடத்துக்குள் மாற்ற வேண்டும் என்று இருந்தது, விதிகள் 2017 ஜூனில் வந்தன, இரண்டு கெடுவும் தாண்டிவிட்டது. மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்குங்கள் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. இழப்பீட்டுக்கு முன்னுதாரணமும் உண்டு. பெருமூளை வாதம் உள்ள ஜீஜா கோஷை 2012-ல் விமானத்திலிருந்து இறக்கிவிட்டதற்கு, 2016-ல் அதே நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது.

மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார் எழுதுங்கள், அவருக்கு ஆட்களை அழைத்து விசாரிக்கிற உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் இருக்கிறது. படிகளின் படம், அகலம், கழிப்பறைக் கதவின் அகலம், மேலாளர் சொன்ன அந்த வாக்கியம், டிக்கெட் எல்லாம் இணைப்பாக இருக்கட்டும்.

சக்கரம்:

டிக்கெட் இருக்கிறது. கதவை அளந்துவரத் தம்பியை அனுப்புகிறேன். மினாரா, உங்கள் ஊரும் என் மாவட்டம் என்றால் சொல்லுங்கள், நுகர்வோர் ஆணையத்தில் மனு எழுதித் தருகிற நண்பர் ஒருவர் இருக்கிறார், காசு வாங்கமாட்டார்.

மினாரா:

தனிமடல் அனுப்பியிருக்கிறேன் அண்ணே. பணம் திரும்பி வந்த செய்தி இருக்கிறது, அதில் "விருந்தினர் ரத்து செய்தார்" என்று போட்டிருக்கிறார்கள். நான் ரத்து செய்யவில்லை.

கருப்புக்கோட்டு:

அதை மனுவின் முதல் இணைப்பாக வையுங்கள். யார் கணக்கிலிருந்து எத்தனை மணிக்கு ரத்து செய்யப்பட்டது என்ற பதிவைப் பதிவுத் தளத்திடம் மின்னஞ்சலில் இன்றே கேளுங்கள், லாட்ஜையும் தளத்தையும் இரண்டு பேரையுமே எதிர்த் தரப்பாகச் சேர்க்கலாம்.